தேய்ந்த படிகள்

'படி' என்னும் சிறிய சொல் தமிழில் பல பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. ஏறவும் இறங்கவும் அமைந்தது படி. முற்காலத்தில் நெல்லும் அரிசியும் அளந்தது படி. மூல ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்வதும் படி. நூலைக் கையில் எடுத்துக் கற்பாயாக என்று ஏவுவதும் படி. இவற்றுள் முதலிற் சொன்ன படியைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். கோபுரத்தையும் விமானத்தையும் புகழ்ந்து எழுதியோர் பலர். அவற்றினிடம் நம்மை ஏற்றிவிட்ட படிகளை எண்ணிப் பார்த்தோர் சிலரே. படி தேய்ந்து, கால் வழுக்கி, ஒருவர் விழுந்த பின்னரே அதன் நினைவு நமக்கு வருகின்றது. அப்பொழுது ஒரு கேள்வி எழுகின்றது. தேய்ந்த படியைப் பெயர்த்தெறிந்து புதுக்கல் இடுவதா? ஒட்டுப் போட்டுச் செப்பனிடுவதா? உள்ளவாறே விட்டுவிடுவதா? எளிய கேள்வியாகத் தோன்றும் இதற்கு வெவ்வேறு ஊரார் வெவ்வேறு விடை கண்டிருக்கின்றனர். அவ்விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், பழமையை நாம் எவ்வாறு போற்ற வேண்டும் என்பதும் ஓரளவு விளங்கும்.

முதலில், கல் ஏன் தேய்கின்றது? 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பது நம் பழமொழி. ஆயினும் படியைத் தேய்ப்பது காலடி மட்டும் அன்று. காலடியில் ஒட்டி வரும் மணலே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கின்றது. சுண்ணாம்புக் கல், சலவைக்கல் ஆகியவற்றைவிட மணற்பரல் மிகக் கடியது. செருப்பின் அடியில் அகப்பட்ட அப்பரல், ஒவ்வோர் அடிவைப்பிலும் அரம் போல அராவுகின்றது. மக்கள் நடுவழியாகவே ஏறுவதால் படியின் நடுவும் முன்விளிம்பும் முதலில் தேய்ந்து குழிகின்றன. குழிந்த இடத்தில் மழைநீர் தேங்குகின்றது. குளிர்நாடுகளில் அந்நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கவும் செய்கின்றது. வெறுங்காலுடன் நடக்கும் இடங்களில் வேறொரு விளைவு உண்டு. அங்கே கல் குழிவதற்கு முன்பே வழவழப்பாகிக் கண்ணாடிபோல் மின்னத் தொடங்குகின்றது. காண்பதற்கு அழகு, மிதிப்பதற்கு ஆபத்து.

படியின் தேய்வு அழகைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. உயிரைப் பற்றிய செய்தியும் ஆகும். 1671-இல் பாரிசு நகரில் நிறுவப்பெற்ற அரசினர் கட்டடக் கலைக் கழகத்தின் முதல் தலைவர் பிரான்சுவா பிளாந்தேல் என்பவர். அவர் படிக்கட்டுக்கு ஓர் அளவு வகுத்தார். ஒரு படியின் உயரத்தை இருமடங்காக்கி, அதனுடன் அதன் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும் என்பது அவ்வளவு. மனிதனுடைய இயல்பான நடையினின்றும் பிறந்த கணக்கு அது. இதனுள் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஏறுவோன் முதல் இரண்டு படிகளில் காலுக்குப் பழகிய உயரத்தையே அடுத்த படிகளிலும் எதிர்பார்க்கின்றான். கண் பார்க்கா விடினும் கால் கணக்கு வைத்துக்கொள்கின்றது. தேய்வோ, படிகளின் உயரத்தைச் சமமின்றி ஆக்கிக் காலின் கணக்கைப் பொய்யாக்கிவிடுகின்றது.

இனி, கல்லையே மாற்றிய ஊர் ஒன்றைக் காண்போம். கருங்கடற் கரையில், உக்ரேன் நாட்டில் அமைந்தது ஒடேசாத் துறைமுகம். மேட்டிலுள்ள நகரத்தையும் கீழேயுள்ள துறையையும் இணைக்க 1837 முதல் 1841 வரை அங்கு ஒரு பெரும் படிக்கட்டு எழுந்தது. வரைந்தவர் பிரான்செஸ்கோ போஃபோ. உச்சியில் 12.5 மீட்டர் அகலமும் அடியில் 21.7 மீட்டர் அகலமும் உள்ளதால் கீழிருந்து நோக்குவோர்க்கு அது உண்மையினும் நீண்டு தோன்றும். கீழே நின்றால் படிகளே தெரியும். மேலே நின்றால் இடைத்தளங்களே தெரியும். இத்துணை நுட்பமாக எண்ணிய படிக்கட்டுக்கு இட்ட கல், கப்பலேற்றி வந்த மணற்கல். அது துறைமுகத்து மக்களின் காலடியையும் கடற்காற்றின் உப்பையும் நெடுநாள் தாங்கவில்லை. ஒரு நூற்றாண்டு நிறைவதற்கு முன்னரே, 1933-இல், மணற்கல்லை அகற்றி இளஞ்சிவப்புச் சாயலுள்ள கருங்கல் பதித்தனர். இடைத்தளங்களுக்குத் தார் பூசினர். துறைமுகம் விரிவடைந்தபோது, முதலில் 200 ஆக இருந்த படிகளுள் 8 மண்ணுக்குள் மறைந்தன, 192 எஞ்சின.

இம்மாற்றத்தால் ஊர் பெற்றது உறுதியான படி. இழந்தது யாது? 1925-இல் ஐசன்ஸ்டைன் எடுத்த 'போர்க்கப்பல் பொத்தெம்கின்' என்னும் திரைப்படம் இப்படிக்கட்டை உலகறியச் செய்தது. 1955 முதல் படிக்கட்டுக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் படத்தில் நாம் காணும் கற்கள் இன்று மிதிக்கும் கற்கள் அல்ல. வடிவம் நிலைத்தது, கல் மாறியது. 2023-இல் ஒடேசாவின் பழைய நகர்ப்பகுதி உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அப்பகுதிக்குச் சிறப்புத் தரும் படிக்கட்டு, மாற்றுக் கல்லால் ஆனது என்பதால் மதிப்புக் குறையவில்லை. கல் இனிமேல் தாங்காது என்ற நிலையில் வடிவத்தைக் காப்பதே காப்பு என்பது அவ்வூர் தந்த விடை.

உரோமை நகரம் வேறு விடை தந்தது. அங்கே ஸ்பானியப் படிகள் எனப்படும் படிக்கட்டு, 1723-இல் பிரான்செஸ்கோ தெ சாங்டிஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. பெயர் ஸ்பானியம், பணம் தந்ததோ பிரெஞ்சுத் தூதாண்மையாளர் ஒருவரின் உயில், நிற்பதோ இத்தாலிய மண்ணில். கல், உரோமையர் தொன்றுதொட்டுக் கையாண்ட டிராவர்டைன் என்னும் சுண்ணாம்புக் கல். துளைகள் மலிந்த அக்கல்லில் அழுக்கும் கறையும் எளிதில் ஊறும். 2015-இல் படிக்கட்டை மூடி, கறை நீக்கி, இணைப்புக்களை அடைத்து, உடைந்த இடங்களைச் செப்பனிட்டு, 2016 செப்டம்பரில் திறந்தனர். 15 இலட்சம் யூரோச் செலவைப் புல்காரி என்னும் அணிகலன் நிறுவனம் ஏற்றது. கல்லை மாற்றுவதன்று, கல்லுக்கு மருத்துவம் செய்வதே அங்கு நோக்கம்.

ஆனால் மருந்து மட்டும் போதுமா? பத்தியமும் வேண்டுமன்றோ? 2019-இல் அப்படிகளில் அமர்வதற்கே நகராட்சி தடை விதித்து, மீறுவோர்க்குத் தண்டமும் குறித்தது. படியில் அமர்ந்து இளைப்பாறுதல் மாந்தர் இயல்பு. அதனைத் தடுப்பது கடுமை என்று கூறியோரும் உளர். 2022-இல் ஒருவர் தம் மகிழுந்தையே அப்படிகளில் செலுத்திச் சில படிகளுக்குச் சேதம் விளைத்தார் என்பதையும் கருதும்போது, செப்பனிடும் உளியோடு பேணும் ஒழுங்கும் வேண்டும் என்பது புலனாகும்.

செப்பனிடுதலே பழுதாக முடிந்த வரலாறும் உண்டு. ஏதென்சு நகரத்து அக்ரோபோலிசுக் குன்றில், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்கோலாசு பலானோசு என்பவர் பழுதுற்ற சலவைக்கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தார். பழைய கிரேக்கரும் இரும்பால்தான் பிணைத்தனர். ஆனால் அவ்விரும்பைச் சூழ ஈயத்தை உருக்கி ஊற்றி ஈரம் புகாமல் காத்தனர். பலானோசின் இரும்புக்கு அக்காப்பு இல்லை. அது துருவேறிப் பருத்தது. பருத்த இரும்பு கல்லைப் பிளந்தது. 1975-இல் அமைந்த குழுவினர் அவ்விரும்பை அகற்றி, துருவேறாத டைட்டானியத்தால் மீண்டும் பிணைக்கும் பணியை மேற்கொண்டனர். முந்தைய தலைமுறையின் நல்லெண்ணத்தை அடுத்த தலைமுறை அரும்பாடுபட்டுக் களைய நேர்ந்தது. ஆதலின், நாம் இன்று செய்யும் ஒட்டு நாளை ஊறின்றி நீக்கத்தக்கதா என்று கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

மூன்றாம் விடை இங்கிலாந்திலுள்ள வெல்சு நகரத் தேவாலயத்திற் கிடைக்கின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த கற்படிகள் அங்கே குருமார் கூடும் எண்கோண மண்டபத்திற்கு ஏறுகின்றன. ஒரு பிரிவு வலப்புறம் வளைந்து மண்டபத்தை அடைய, மற்றொரு பிரிவு நேரே மேலேறுகின்றது. நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு அவை அலையலையாய்க் குழிந்துள்ளன. 1903-இல் பிரெடரிக் எவன்சு என்பவர் அக்காட்சியைப் புகைப்படமாக்கி, 'படிகளின் கடல்' என்று பெயரிட்டார். அக்குழிவை நிரப்பிச் சமன் செய்திருந்தால் படி கிடைத்திருக்கும், கடல் போயிருக்கும். அந்நாட்டில் 1877-இல் வில்லியம் மாரிசு முதலியோர் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினர். பழையதைப் புதியதுபோல் ஆக்குவது காப்பாகாது. நாள்தோறும் பேணி வருவதே காப்பு என்பது அவர்கள் கொள்கை. பின்னர் 1964-இல் வகுக்கப்பெற்ற வெனிசு சாசனமும், மாற்றிய பகுதி முழுமையோடு இசைந்து நிற்கவேண்டும், எனினும் மூலத்தினின்றும் வேறு என்று தெரியவேண்டும் என வற்புறுத்தியது.

இவ்விடைகளை மனத்திற்கொண்டு நம் நாட்டுப் படிகளை நோக்குவோம். நம் மலைக்கோயில்களின் படிகள் பெரும்பாலும் கருங்கல், ஏறுவோர் வெறுங்காலினர். ஆகவே குழிவைக் காட்டிலும் வழுக்கலே நம் குறை. எண்ணெயும் நீரும் சிந்துமிடத்தில் அக்குறை இருமடங்காகும். இதற்கு மருந்து நம் வீடுகளில் நெடுங்காலம் வழங்கியதே. அரைத்து அரைத்து வழவழப்பான அம்மியை என் செய்தோம்? தெருவில் வரும் தொழிலாளியை அழைத்து உளியால் கொத்தச் செய்தோம். அதே முறையில் கல்தச்சர் படியின் மேற்பரப்பைப் பொளிந்து சொரசொரப்பாக்குவர். கல் மாறுவதில்லை, கால் பற்றிக்கொள்கின்றது. ஆயினும் ஒவ்வொரு பொளிப்பிலும் கல் சிறிது குறையும். ஆதலால் வேண்டுமிடத்து வேண்டுமளவே உளி படவேண்டும்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை எண்ணிப் பாருங்கள். 83 மீட்டர் உயரமுள்ள அப்பாறையில், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலுக்கும் உச்சிப் பிள்ளையாருக்கும் 400-க்கு மேற்பட்ட படிகளின் வழியே செல்லவேண்டும். 1849-இல் அப்படிகளில் விழாக் கூட்டம் நெருங்கியபோது கலக்கம் ஏற்பட்டு, மிதியுண்டும் நசுங்கியும் 250 பேர் அளவில் மாண்டனர். நெருக்கமும் அச்சமுமே அதற்குக் காரணம். ஆனால் கூட்டம் மிக்க படிக்கட்டில் ஒருவர் சாய்ந்தால் அவர் ஒருவரோடு நில்லாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. பழமை என்ற பெயரால், பல்லாயிரவர் ஏறும் படியை வழுக்கும் நிலையில் விட்டுவைப்பது அறமாகாது.

எனினும் மறுபுறத்தையும் மறத்தல் கூடாது. நம் நாட்டிற் படிக்கல் சில இடங்களில் வரலாற்று ஏடாகவும் இருக்கின்றது. இடிந்த மண்டபத்தின் கற்களைப் பிற்காலத்தார் எடுத்துக் கோயிற்படியாகவும் குளப்படியாகவும் இட்டனர். அவற்றுள் கல்வெட்டுப் பொறித்த கற்களும் கலந்தன. நிலம் கொடுத்தவன் பெயரும், விளக்கெரிக்க ஆடு அளித்தவள் பெயரும் காலடியில் நாள்தோறும் தேய்கின்றன. அத்தகைய கல்லை உளியால் பொளிந்தால் வழுக்கல் நீங்கும், வரலாறும் நீங்கும். ஆதலின் படியில் உளி படுமுன் எழுத்துண்டா என நோக்குதல் வேண்டும். உண்டெனின், தொல்லெழுத்து அறிஞரைக் கொண்டு மையொற்றிப் படியெடுத்தல் வேண்டும். இயலுமாயின் அக்கல்லைப் பெயர்த்துச் சுவரோரம் நிறுத்தி, அவ்விடத்தில் வேறு கல் இடலாம்.

சிமெண்டுச் சாந்து பூசும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். தேய்ந்த கருங்கற்படியின்மேல் மெல்லிதாகச் சாந்தை இழுத்துவிடுவது எளிது, மலிவு, அடுத்த மழைக்குள் விளிம்பு பெயர்வதும் உறுதி. தாள் போல் மெலிந்த ஓரத்தில் எச்சாந்தும் நிலைக்காது. அடியில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி அதனைத் தளர்த்தும். கற்படியானால், தேய்ந்த பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, அதே இனக் கல்லைத் துண்டாகப் பொருத்துவதே சிறந்த ஒட்டு. செதுக்காத அடிப்புறம் செம்மையாயிருப்பின் கல்லைப் புரட்டி இட்டாலே புதுப்படி கிடைத்துவிடும். காங்கிரீட்டுப் படியானால், தளர்ந்த பகுதி முழுவதையும் கெட்டியான இடம் வரை கொத்தி நீக்கி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, தூசி போகக் கழுவி, நனைத்துப் பூசி, பல நாள் ஈரம் காக்கவேண்டும். உள்ளிருக்கும் கம்பி துருவேறியிருந்தால் அத்துருவைப் போக்காமல் மேலே பூசுவது, புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவதை ஒக்கும்.

நேயர்களே! ஒடேசா கல்லை மாற்றியது. உரோமை கல்லைப் பேணியது. வெல்சு தேய்வையே போற்றியது. மூன்றும் ஒன்றற்கொன்று முரணானவை அல்ல. கல்லின் வலிமை எவ்வளவு, ஏறுவோர் எத்தனை பேர், தேய்வினுள் காக்கத்தக்க வரலாறு யாது என்று ஆராய்ந்தால் அந்தந்தப் படியே தனக்குரிய விடையைச் சொல்லிவிடும். குறைவாக வெட்டுக, ஒத்த கல்லை இடுக, பின்வருவோர் நீக்கத்தக்க ஒட்டையே போடுக. முன்னே ஏறியவர்களின் அடிச்சுவட்டை மதிப்பது ஒரு கடமை. இனி ஏறப்போகும் முதியவரும் குழந்தையும் விழாமல் காப்பது மற்றொரு கடமை. இரண்டையும் ஒருசேர ஆற்றுபவனே நல்ல கல்தச்சன். அவனை அவ்வாறு ஆற்றவிடுபவரே நல்ல திருப்பணியாளர்.