ரிட்டலின்: ஜேர்மனியில் ஒரு மாத்திரையின் பயனும் அபாயமும்

ஜேர்மனியில் ஓராண்டில் மருந்தகங்கள் கொள்வனவு செய்த மெத்தில்ஃபெனிடேட்டின் அளவு 1993ஆம் ஆண்டில் 34 கிலோவாக மட்டுமே இருந்தது. 2012ஆம் ஆண்டில் அது சுமார் 1,800 கிலோவைத் தொட்டது. 2013இல்தான் இந்த ஏற்றம் நின்று, அளவு சற்றுக் குறைந்தது.

ரிட்டலின் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இம்மருந்தை 1944இல் சுவிஸின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியான்ட்ரோ பனிசோன் உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரையே மருந்துக்கும் சூட்டினார். 1954இல் இது ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது.

ஊக்கமருந்துகளில் ஜேர்மனிக்குக் கசப்பான அனுபவம் உண்டு. பெர்லினின் டெம்லர் நிறுவனம் 1938இல் அறிமுகப்படுத்திய பெர்விட்டின், மெத்தாம்ஃபெட்டமின் கொண்ட மாத்திரை. ஆரம்பத்தில் மருந்துச்சீட்டு இன்றியே கிடைத்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மாத்திரம் இவ்வகை மாத்திரைகள் சுமார் மூன்றரைக் கோடி படையினருக்கென அனுப்பப்பட்டன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் பியோலும் படைவீரராக இருந்தபோது வீட்டுக்குக் கடிதம் எழுதி இதைக் கேட்டிருக்கிறார். 1941இல் அது அபின் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

மெத்தில்ஃபெனிடேட் அதே பொருளல்ல. ஆனால் இதுவும் ஊக்கமருந்துதான். குழந்தையை அடக்கும் மயக்கமருந்து என்று பெற்றோர் சிலர் எண்ணுவது தவறு. மூளையில் டோபமின், நோரட்ரினலின் ஆகியவை மீள உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. இதனால் கவனக்குறைவும் மிகைச் செயற்பாடும் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஒரு விடயத்தில் நிலைத்திருக்க முடிகிறது. பசியின்மை, தூக்கமின்மை, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்தல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். சிலரில் வளர்ச்சி மந்தமடையலாம். எனவே உயரமும் எடையும் ஒழுங்காக அளக்கப்பட வேண்டும். கடும் இதயநோய் உள்ளவர்களுக்கு இது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. ஆறு வயதுக்குக் குறைந்தோருக்கு அனுமதியும் இல்லை.

பரீட்சைக்குப் படிக்கும் ஆரோக்கியமான மாணவர்கள் இதை நாடுவது வேறு கதை. விழித்திருக்கலாம், அறிவு கூடுவதில்லை.

2010இல் ஜேர்மனியில் விதிகள் இறுக்கப்பட்டன. மருந்தல்லாத வழிகள் போதாதபோது மட்டுமே, குழந்தைகளின் நடத்தைக் கோளாறுகளில் தேர்ந்த மருத்துவர் இதை எழுதலாம். 2011 முதல் வயதுவந்தோருக்கான தயாரிப்புக்கும் அனுமதி உண்டு. போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டதால் தனியான மருந்துச்சீட்டு அவசியம். அதை ஏழு நாட்களுக்குள் மருந்தகத்தில் கொடுக்க வேண்டும்.

விடுமுறைக்குச் சுவிஸுக்கோ பிரான்சுக்கோ செல்பவர்கள், மருத்துவர் நிரப்பி மாநில அதிகாரிகள் உறுதிப்படுத்திய சான்றிதழுடன் 30 நாட்களுக்குரிய மருந்தை எடுத்துச் செல்லலாம். இந்த ஷெங்கன் சான்றிதழ் சென்னையிலோ கொழும்பிலோ செல்லாது. அந்நாட்டுத் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.