அறிவிக்காத மாறி எங்கே தங்குகிறது?

சென்னையில் அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 கணினி வந்தபோது, நிரல் என்பது துளையிட்ட அட்டைகளின் கட்டு. அக்கால ஃபோர்ட்ரான் இன்றைய பார்வையில் மிகத் தளர்வான மொழி. மாறியை அறிவிக்காமலே பயன்படுத்தலாம். பெயர் ‘ஐ’ முதல் ‘என்’ வரையுள்ள எழுத்தில் தொடங்கினால் அது முழு எண். ஆனால் ஒரு விஷயத்தில் அது கறார்: சப்ரூட்டீனுக்குள் பிறந்த பெயர் அதற்குள்ளேயே அடங்கும். பொதுவில் வைக்க ‘காமன்’ என்று எழுதியே தீர வேண்டும்.

தரமணியில் டைடல் பார்க் திறந்த 2000ஆம் ஆண்டுக்குள் வலைத்தளம் எழுதுவது தனித் தொழிலாகிவிட்டது. அந்தத் தொழிலின் மொழிகளில் ஒன்றான கோல்டுஃப்யூஷனில் இந்த வழக்கம் தலைகீழானது. அல்லேர் நிறுவனம் 1995இல் அதை வெளியிட்டபோது நிரலின் அலகு ஒரு பக்கம். கோரிக்கை முடிந்ததும் பக்கத்தின் மாறிகளும் அழிந்தன. எனவே எல்லைக்கோடு யாருக்கும் தேவைப்படவில்லை. 2002இல், ஃபங்ஷன்களைக் கட்டாகச் சேர்த்து வைக்கும் காம்பொனென்ட்கள் வந்தபோதும் அதே விதி நீடித்தது. ஃபங்ஷனுக்குள் ‘வார்’ என்ற அறிவிப்புச் சொல்லைப் போடாமல் எழுதிய மாறி, காம்பொனென்ட் முழுமைக்கும் உரிய ‘வேரியபிள்ஸ்’ ஸ்கோப்பில் (மாறியின் எல்லையில்) போய் விழும். அந்தக் காம்பொனென்ட்டைத் தளம் முழுவதற்கும் பொதுவாக வைத்தாலோ, இரண்டு பயனர்கள் ஒரே நேரத்தில் ஒரே மாறியில் எழுதுவார்கள். ஒருவரின் கணக்கு மற்றவர் திரையில் தெரியலாம். ஃபங்ஷனுக்கு மட்டும் உரிய ‘லோக்கல்’ ஸ்கோப் 2009இல்தான் வந்தது. பக்கத்துக்கு வகுத்த விதியை, நீண்ட ஆயுள் கொண்ட பொருளுக்கும் நீட்டித்ததே கோளாறு என்பது என் முடிவு.

இது நிரலாளரின் கவனக்குறைவு, ஜாவாவிலும் நடக்கும் என்பார்கள். நடக்கும்தான்: பல கோரிக்கைகளுக்குப் பொதுவான சர்வ்லெட் என்ற பொருளின் ஃபீல்டில் பயனரின் தகவலை வைத்தால் அதே குழப்பம். மறைப்பதில் காம்பொனென்ட் ஜாவாவைவிடக் கறார் என்றும் சொல்லலாம். ஜாவாவின் ‘பிரைவேட்’ அதே கிளாஸைச் சேர்ந்த இன்னொரு பொருளுக்குத் திறந்திருக்கிறது, ‘வேரியபிள்ஸ்’ திறப்பதில்லை. ஆனால் ஜாவாவில் அந்த ஃபீல்டை ஒருவர் கிளாஸில் அறிவித்திருக்க வேண்டும். சரிபார்ப்பவர் கண்ணில் அது படும். அறிவிக்காத பெயரையோ கம்பைலர் ஏற்பதே இல்லை. காம்பொனென்ட்டில் பிழை என்பது எழுதாமல் விட்ட ஒரு சொல். எழுதியதைப் படித்துத் திருத்தலாம்; எழுதாததைக் கண்ணால் தேடுவது கடினம். விடுபட்ட ‘வார்’களைக் கண்டுபிடிக்கவென்றே வார்ஸ்கோப்பர் என்ற கருவியை அந்த மொழிக்காரர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.