மீன் தொட்டியைக் கழுவிய டாக்டரும், ஒரு அப்பா-மகன் கதையும்

1/ போன வாரம் ஞாயிறு டூட்டி இல்லை. வீட்டு மீன் தொட்டியை சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். தண்ணி மொத்தத்தையும் கொட்டி, கூழாங்கல்லைக் கொதிக்க வச்சு, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணில வெள்ளையாகுற வரைக்கும் பிழிஞ்சேன். ஆபரேஷன் தியேட்டர் ரேஞ்சுக்கு சுத்தம்!

புதன்கிழமைக்குள்ள நாலு கோல்டு ஃபிஷ்ல மூணு செத்துப்போச்சு. "அப்பா, நீங்க டாக்டர்தானே?"ன்னு பொண்ணு கேட்டா. பதில் தேடினப்போ கிடைச்ச வரலாறுதான் இந்த த்ரெட்.

2/ கதை ஒரு டாக்டர்கிட்டதான் ஆரம்பிக்குது. நதானியல் வார்ட், லண்டன் துறைமுகப் பக்கம் பிராக்டிஸ் பண்ணவர். கரிப்புகையில அவர் வளர்த்த பெரணிச் செடிகள் எல்லாம் கருகிடும்.

1829 வாக்கில் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணோட பாட்டிலில் போட்டு மூடி வச்சார். உள்ளே பெரணியும் புல்லும் முளைத்தன. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. மூடிய கண்ணாடிக்குள் ஒரு குட்டி உலகம் தன்னையே பார்த்துக்கொள்ளும் என்பது அப்போதான் புரிஞ்சது.

3/ இதையே தண்ணீரில் செய்து பார்த்தவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளர். 1849-ல் சுமார் 54 லிட்டர் தொட்டியில் மணல், கல், இரண்டு கோல்டு ஃபிஷ், வாலிஸ்நேரியா செடி வைத்தார். செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீன் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும். கணக்கு சரிதான்.

ஆனா உதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணி கலங்கிடுச்சு. உடனே சில நத்தைகளை விட்டார். அழுகல் இலையை நத்தை தின்னது, நத்தை முட்டையை மீன் தின்னது. தண்ணி தெளிஞ்சது. 1850-ல் கட்டுரையா எழுதினார்.

4/ 1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறந்தாங்க. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் "அக்வேரியம்" என்ற பேரே பரவிடுச்சு. நடுத்தர வர்க்க வீட்டு ஹாலில் எல்லாம் தொட்டி.

5/ ஆனா வாரிங்டன் கணக்குல ஒரு ஆள் மிஸ்ஸிங். மீன் தன் கழிவை பெரும்பாலும் அம்மோனியாவாக, செவுள் வழியா வெளியேத்தும். அது மீனுக்கே விஷம். அந்த விஷம் எங்கே போச்சு? இதுக்கு விடை தெரியாமலே 1867-ல் வாரிங்டன் இறந்துட்டார்.

6/ 1877. பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணல் வழியா மெதுவா விட்டாங்க. முதல் சில வாரம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் அம்மோனியா நைட்ரேட்டாக மாற ஆரம்பிச்சது. குளோரோஃபார்ம் சேர்த்ததும் நின்னுடுச்சு. அப்போ இது வெறும் கெமிக்கல் வேலை இல்லை, உயிருள்ள ஏதோ செய்யுது!

இதைக் கையில் எடுத்தவர் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இருந்த இன்னொரு ராபர்ட் வாரிங்டன். ஆமாங்க, அதே பேர். அவரோட மகன்!

அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகும், பிறகு நைட்ரேட்டாகும். இரண்டுக்கும் வேற வேற கிருமிகள் என்று பல வருஷம் உழைத்துக் காட்டினார். ஆனா அந்தக் கிருமிகளைத் தனியாப் பிரிச்சு வளர்க்க அவரால முடியல. 1890 வாக்கில் அதைச் சாதிச்சது விநோகிராட்ஸ்கி.

அப்பா தொட்டியில் விட்டுப்போன ஆளை, மகன் வயல் மண்ணில் தேடினார்.

7/ இப்போ என் குற்றம் புரியுதா? அந்தக் கிருமிகள் குடியிருக்கறது கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும். நான் கல்லைக் கொதிக்க வச்சேன், ஸ்பாஞ்சை குளோரின் தண்ணில பிழிஞ்சேன். ஆன்டிபயாடிக் போட்டதும் சிலருக்கு பேதி ஆகுதே, கிட்டத்தட்ட அதே கதைதான். நல்ல கிருமியும் சேர்ந்து போயிடுச்சு.

8/ தொட்டி வச்சிருக்கவங்களுக்கு:
▪️ மொத்தத் தண்ணியையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. வாரம் கால் பங்கு போதும்.
▪️ குழாய்த் தண்ணியின் குளோரினை நீக்கிட்டு ஊத்துங்க.
▪️ ஸ்பாஞ்சை தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியிலேயே அலசுங்க.
▪️ புதுத் தொட்டியில் கிருமிகள் நிலைக்க 4-6 வாரம் ஆகும். அதுவரை மீனும் கம்மி, தீனியும் கம்மி.

9/ மிச்சம் இருக்கற ஒரு மீனுக்கு தினமும் கொஞ்சம் தண்ணி மாத்திட்டு இருக்கேன். நீந்துது. பொண்ணுகிட்ட, "அப்பா கிருமியைக் கொல்லத்தான் நல்லாப் படிச்சேன், எதை விட்டுவைக்கணும்னு மறந்துட்டேன்"னு சொல்லி மன்னிப்பு கேட்டேன். இனி தொட்டி கழுவுறது அவ பொறுப்பாம். 🙂