ஆப்பிரிக்கப் பழமொழிகளில் பெண்

ஆப்பிரிக்காவில் வழங்கும் மொழிகள் ஆயிரத்துக்கும் மேல். அதனால் 'ஆப்பிரிக்கப் பழமொழி' என்பது ஒரு வசதிக்காகச் சொல்லும் பெயர்தான். ஆனாலும் பெண் என்று வரும்போது இம்மொழிகளில் பலவும் ஒரே தடத்தில் நடக்கின்றன. தாயைப் போற்றும் வாய் மனைவியை நம்புவதில்லை.

நைஜீரியாவின் யொரூபா மக்கள் தாயைப் பொன் என்றும் தந்தையைக் கண்ணாடி என்றும் சொல்வார்கள். இக்போ மக்கள் 'தாயே பெரியவள்' என்னும் கருத்தை நெக்கா என்று பெண்குழந்தைக்குப் பெயராகவே வைக்கிறார்கள். எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 1958ஆம் ஆண்டு நாவலில் (தமிழில் 'சிதைவுகள்') ஊரைவிட்டு விலக்கப்பட்ட நாயகன் ஒக்கொங்வோ தாயின் ஊரில் அடைக்கலம் புகுகிறான். நெக்கா என்னும் பெயரின் நியாயத்தை அங்கே அவனுக்கு விளக்குபவர் தாய்மாமன்.

மனைவியிடம் வந்ததும் தொனி மாறிவிடுகிறது. மொசாம்பிக், மலாவி நாடுகளில் வாழும் சேனா மக்களின் அறிவுரை, உன் காலைவிடப் பெரிய கால் உள்ளவளைக் கட்டாதே என்பது. கால் இங்கே சாக்கு. அறிவிலும் செல்வாக்கிலும் கணவனை மிஞ்சிவிடுவாளோ என்பதே அச்சம். டச்சு ஆய்வாளர் மினெக்கே ஷிப்பர் உலகெங்கும் பெண்களைப் பற்றி வழங்கும் பழமொழிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூலுக்கு இதையே தலைப்பாக்கினார்.

கானாவின் அக்கான் மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களுக்குக் குடிவழி தாய்வழி. தலைவர் பதவிக்கு உரியவரை முன்மொழிபவர் அரசித்தாய். அப்படியிருந்தும், பெண் துப்பாக்கி வாங்கினாலும் அது ஆணின் அறையில்தான் சாய்ந்திருக்கும் என்பார்கள். விடியலைக் கோழியும் அறியும், ஆனால் சேவலின் வாயைப் பார்த்திருக்கும் என்று இன்னொன்று. பெண்ணை அடக்கச் சொல்லப்படும் இதிலேயே அவளுக்குத் தெரியும் என்ற ஒப்புதலும் இருக்கிறது. இதே மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தியரிடையே 1900இல் ஆங்கிலேயருக்கு எதிரான போரை முன்நின்று நடத்தியவர் எஜிசு ஊரின் அரசித்தாய் யா அசாந்தேவா.

போட்ஸ்வானாவின் த்ஸ்வானா மொழியில் இந்த முரண் பளிச்சென்று தெரியும். பிள்ளைக்கு ஆபத்தென்றால் தாய் கத்தியைக் கூர்ப்பக்கத்தில் பிடிப்பாள் என்று மெச்சுவார்கள். பெட்டை முன்னே நடந்தால் மந்தை பள்ளத்தில் விழும் என்பதும் அதே வாய்தான். தலைமைக்குப் பெண் ஆகாது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டி வந்தார்கள். 2003இல் மொசாடி செபோகோ என்னும் பெண் அந்நாட்டின் பாலெட்டே மக்களின் தலைவியாக முடிசூட்டப்பட்டார்; மந்தை பள்ளத்தில் விழவில்லை.

இத்தகைய பழமொழிகளைத் தரும் தொகுப்பு நூல்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 3,600 அக்கான் பழமொழிகளை 1879இல் அச்சேற்றிய கிறிஸ்டாலர் பாசல் மிஷன் பாதிரியார்; 1916இல் அவற்றிலிருந்து தேர்ந்து மொழிபெயர்த்த ராட்ரே காலனி அதிகாரி. முதியோர் சபையிலும் வழக்குமன்றத்திலும் ஆண்கள் பேசியதே இத்தகைய ஏடுகளில் எளிதாக ஏறியது. பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது அந்த அளவு ஏறவில்லை.

பெண்களின் சொல்லைத் தேட வேறு இடமும் உண்டு. கென்யா, தான்சானியா கடற்கரையில் பெண்கள் உடுத்தும் கங்காத் துணியின் ஓரத்தில் சுவாஹிலிப் பழமொழியோ குத்தலான வாசகமோ அச்சிட்டிருக்கும். புறம்பேசும் அண்டை வீட்டாருக்கும் போட்டிக்காரிக்கும் கணவனுக்கும் வாய்திறந்து சொல்ல முடியாததை, ஏற்ற வாசகமுள்ள துணியைத் தேர்ந்து உடுத்திச் சொல்லிவிடுவார்கள். கானாவிலும் அச்சுத்துணிகளுக்குப் பழமொழியே பெயர். நல்ல பாசிமணி ஓசையிடாது என்ற பெயருள்ள துணி அங்கே மிகவும் பிரபலம். இத்துணிகளைக் கணக்கில் எடுக்காத எந்தத் தொகுப்பையும் ஆண்களின் தொகுப்பு என்றே கொள்ள வேண்டும்.