மாவாய்ப் போன இரும்பு

ஊதுலையில் இரும்புத் தாது உருக்குவோர் பெரிதும் அஞ்சுவது தூளையே. அடியிலிருந்து எழும் வெங்காற்று தாதுக்கட்டிகளின் இடைவெளிகளினூடே மேலேறிச் செல்லல் வேண்டும். நுண்தூளை இட்டால், ஒன்றில் அது காற்றோடு பறந்துபோகும். அன்றேல் செறிந்து படிந்து காற்றின் வழியை அடைத்துவிடும். சிலிக்கன் உருக்குவோர்க்கும் இவ்விடர் உண்டு. அதன் நுண்தூளையும் அழுத்திக் குளிகைகளாக்கி உலையிலிடுவதுண்டு. எனினும் தூளைத் திரட்டும் கலை ஒரு நாட்டின் தொழில்வளத்தையே தாங்கிநின்றது இரும்பின் வரலாற்றிலேதான்.

ஐக்கிய அமெரிக்காவின் மினெசோட்டா மாநிலத்திலுள்ள மெசாபிப் பகுதியில் 1890 இல் உயர்ந்த இரும்புத் தாது கண்டறியப்பட்டது. தோண்டியதை அப்படியே உலையிலிடலாம். ஆதலின், அங்கே மலைமலையாய்க் கிடந்த தக்கோனைற்று என்னும் கடும்பாறையை மதிப்பார் இலர். அதில் இரும்பு நூற்றுக்கு 25 முதல் 30 பங்கே; அதுவும் பொட்டுப் பொட்டாய்ப் பாறையெங்கும் சிதறிக் கிடந்தது.

மினெசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டேவிஸ் என்பார் இப்பாறையைப் பற்றியவர் விடவேயில்லை. பாறையை மாவாய் அரைத்து, காந்தத்தால் இரும்பை ஈர்த்தெடுத்தல் அவர் கைக்கொண்ட வழி. நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் இரும்புடைய கரும்பொடி கிடைத்தது. ஆனால் பொடி பொடிதானே! 1922 இல் பாபிட் என்னும் ஊரில் ஓர் ஆலை எழுந்து, பொடியைத் தீயில் வாட்டிக் கட்டியாக்கிப் பார்த்தது. நல்ல தாது மலிந்திருந்த காலம் அது. 1924 இல் ஆலை மூடப்பட்டது.

பொடியை உருட்டிச் சுடும் முறைக்குச் சுவீடனில் 1912 இலேயே காப்புரிமை பெறப்பட்டிருந்தது. பொடியோடு சிறிது நீரும் பெந்தோனைற்று என்னும் களிமண்ணும் சேர்த்துச் சுழலும் உருளையுள் இட்டால், அது புரண்டு புரண்டு அரையங்குல அளவான உருண்டைகளாய்த் திரளும். பிட்டுக்கு மாக் குழைப்போர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர்: நீர் குறைந்தால் மா திரளாது, மிகுந்தாலோ களியாகிவிடும். பச்சை உருண்டைகளை ஏறத்தாழ 1,300 பாகை சென்ரிகிரேட் வெப்பத்திற் சுட்டால், துகள்கள் உருகி ஓடாமலே ஒன்றையொன்று பற்றிக் கல்லாய் இறுகும்.

1941 இல் மாநில அரசு தக்கோனைற்றின் வரிச்சுமையைத் தளர்த்தியது. இரண்டாம் உலகப் போரோ நல்ல தாதுவை விழுங்கிற்று. 1955 இல் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள சில்வர் பே என்னுமிடத்தில் பேராலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதற்கு டேவிசின் பெயரே சூட்டப்பட்டது. ஒரே அளவினவான உருண்டைகள் இயற்கைத் தாதுவினும் நன்கு உருகுவதை உலையாளர் கண்டனர்.

ஆயினும் ஒரு தொன் உருண்டைக்கு இரு தொன்னளவு பாறைத்தூள் எஞ்சியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 67,000 தொன் தூள் ஏரியிலே கொட்டப்பட்டது. அசுபெசுத்தசுவை ஒத்த நார்கள் டுலூத் நகரின் குடிநீரிற் கலந்துள்ளன என 1973 இல் அறிவிக்கப்பட்டது. ஒருபுறம் ஒரு நகரின் குடிநீர். மறுபுறம் ஏறத்தாழ 3,000 தொழிலாளரின் பிழைப்பு. 1974 ஏப்பிரில் 20 ஆந் திகதி நீதிபதி மைல்சு லோர்ட் ஆலையை நிறுத்தக் கட்டளையிட்டார். இரண்டே நாளில் மேன்முறையீட்டு மன்றம் அதனை இடைநிறுத்தி, ஆலையைத் திறக்கவிட்டது. வழக்கு இழுபட்டது, தூளும் ஏரியில் விழுந்துகொண்டேயிருந்தது. 1980 இலேதான் அது நிறுத்தப்பட்டு, உள்நாட்டில் அணைகட்டித் தேக்கப்படலாயிற்று.