தாம்பரம் 1938: வழக்கறிஞர்கள் எழுதிய இறையியல்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937இல். அடுத்த ஆண்டே, டிசம்பர் 12 முதல் 29 வரை, அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு அந்தப் புது வளாகத்தில் கூடியது. சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்த மாநாடு அது. ஜப்பானியப் படையெடுப்பு அதைத் தாம்பரத்துக்குத் திருப்பிவிட்டது.

மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது என்பது அவர் வாதம். அதே ஆண்டு சென்னையில் ஏ. என். சுதரிசனம் வெளியிட்ட ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ என்ற கட்டுரைத் தொகுப்பு எதிர்த்திசையில் நின்றது. கிரேமரின் நூலுக்கு பி. செஞ்சையா எழுதிய விரிவான மதிப்புரையும் அதில் இடம்பெற்றது.

இந்தத் தொகுப்பை எழுதிய சென்னைக் குழுவில் முன்னணியில் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். அவருடைய மைத்துனர் வி. சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், பின்னாளில் சென்னை மேயர். இருவரும் இந்துக் குடும்பங்களில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர்கள். மிஷன் சம்பளத்தில் வாழ்ந்த ஓர் உபதேசியார் விசுவாசப் பிரமாணத்தைக் கேள்வி கேட்டிருந்தால் அவர் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும். இவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்களுடைய துணிவில் பாதி இந்தச் சுதந்திரத்திலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

சக்கரை கிறிஸ்துவை அவதாரம் என்றார். ஆனால் தோன்றி மறையும் அவதாரமாக அவரைக் கொள்ளவில்லை. மனித இயல்போடு என்றைக்கும் நிலைத்திருப்பவராகக் கண்டார். செஞ்சையா இன்னும் ஒரு படி மேலே போனார். மேலைநாட்டுத் திருச்சபை அமைப்பையும் கோட்பாடுகளையும் தாண்டி, இயேசு என்ற மூல உண்மையை நேரே சந்திக்க வேண்டும் என்றார். படைப்பில் புதிதாக ஒன்று இயேசுவில் தொடங்கிவிட்டது என்பது அவர் எண்ணம். பரிசுத்த ஆவியை அந்தப் புதுப் படைப்பின் ஆற்றலாக விளக்கினார்.

இவர்களுக்கு முன்னோடிகள் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1857 வாக்கில் மிஷனரிகளோடு முரண்பட்டு, வெளிநாட்டார் கட்டுப்பாடில்லாத தனிச் சபையை நிறுவினார் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம். வேதத்தைத் தாமே வாசித்து, ஓய்வுநாள் சனிக்கிழமையே என்று முடிவுகட்டியவர் அவர். 1886இல் சென்னையில் மருத்துவர் பழனி ஆண்டி தேசியச் சபையைத் தொடங்கினார். சட்டாம்பிள்ளையின் பூசல் நாடார் கிறித்தவர்கள் நடுவே தமிழில் நடந்தது. சென்னைக் குழுவோ தன் நூலை ஆங்கிலத்தில் எழுதியது. கிரேமர் படிக்க அது உதவியது. செங்கல்பட்டுக் கிராமச் சபைகளில் தமிழ் வேதாகமம் மட்டுமே அறிந்தவர்களுக்கு எட்டவில்லை. இந்த இழப்பைச் சிறிதாக எண்ண என்னால் முடியவில்லை.

1980களில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் எழுப்பிய கேள்வி இந்த இடைவெளியைத் தொட்டது. இந்தியக் கிறித்தவ இறையியல் பிராமண மரபோடு உரையாடியே காலம் கழித்தது, சபையில் பெரும்பான்மையரான தலித் மக்களின் வேதனை அதில் இடம்பெறவில்லை என்றார். பின்னர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்கு அவரே பொறுப்பேற்றார். செஞ்சையா கிரேமரிடம் கேட்ட அதே உரிமையோடு, செஞ்சையாவின் மரபையே நிர்மல் கேள்வி கேட்டார்.