மகிழுந்து வண்ணப்பூச்சின் தடிமனை மதிப்பிடுதல்: ஒரு வரலாறு

மகிழுந்தின் (கார்) மேற்பரப்பிலுள்ள கீறல்களை நீக்க உப்புத்தாளால் தேய்ப்பதும், பஃப்பிங் எந்திரத்தால் மெருகேற்றுவதும் வழக்கம். இரண்டுமே பூச்சின் ஒரு பகுதியை அரித்தெடுக்கும் வேலைகள். அரித்ததைத் திரும்ப வைக்க இயலாது. எனவே, எவ்வளவு பூச்சு மீந்திருக்கிறது என்பதை முன்னரே அறிவது இவ்வேலையின் முதற்படியாகும். பூச்சின் வகை மாறமாற, அதனை மதிப்பிடும் முறையும் மாறிவந்துள்ளது.

கண்ணும் கையும்

தொடக்ககால மகிழுந்துகளுக்குக் குதிரை வண்டிகளுக்குப் பயன்பட்ட வார்னிஷ் வகைகளே பூசப்பட்டன. தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்தபின் நுரைக்கல் தூளால் தேய்ப்பு, மீண்டும் ஒரு பூச்சு என வேலை வாரக்கணக்கில் நீண்டது.

1920களில் டூபான்ட் நிறுவனத்தின் 'டியூக்கோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இந்நிலையை மாற்றியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1923இல் அறிமுகப்படுத்திய ஓக்லேண்ட் மகிழுந்துகளில் இது இடம்பெற்றது. தெளிப்பானால் பூசப்பட்ட இது விரைவில் உலர்ந்தது. ஆனால் நல்ல பளபளப்பைப் பெற, உலர்ந்தபின் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது.

இவ்வகைப் பூச்சில் மேற்புறம் முதல் அடிவரை ஒரே நிறம் இருந்தது. தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். விளிம்புகளில் அடிப்பூச்சு (பிரைமர்) தலைகாட்டத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். தேய்மானம் கண்முன்னே தெரிந்ததால், பழகிய கையே அளவுகோலாக இருந்தது.

நிறமற்ற மேலடுக்கு

1960களில் உலோக உடலை மின்சாரத்தின் துணையோடு அடிப்பூச்சில் முக்கியெடுக்கும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது. 1980களில் நிற அடுக்கின் மேல் நிறமற்ற 'கிளியர் கோட்' பூசும் முறை பரவியது. இன்றைய மகிழுந்தில் மின்படிவு அடுக்கு சுமார் 20, பிரைமர் 30, நிற அடுக்கு 15, கிளியர் கோட் 40 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கக்கூடும். எல்லாம் சேர்ந்தும் ஓர் எழுதுதாளின் தடிமனையே ஏறத்தாழ எட்டுகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் இவ்வளவுகள் வேறுபடும்.

வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் பொருள்கள் கிளியர் கோட்டில் கலக்கப்படுகின்றன. இது மிகவும் மெலிந்தால், அன்று பளபளக்கும் வண்டி பின்னாளில் வெளுத்து உரியத் தொடங்கும். இங்குதான் பழைய கைப்பழக்கம் ஏமாற்றியது. கிளியர் கோட் தேயும்போது துணியில் நிறம் ஒட்டுவதில்லை. நிறம் ஒட்டியதைக் காணும்போது அவ்விடத்தில் மேலடுக்கு ஏற்கெனவே போயிருக்கும்.

கருவிகளின் அடிப்படை

எளிய கருவியொன்றில் விற்சுருளுடன் இணைந்த காந்தம் உள்ளது. பூச்சு தடிக்கத் தடிக்க, காந்தத்தை எஃகிலிருந்து இழுத்தெடுக்கத் தேவையான விசை குறையும். மின்னணுக் கருவிகள், ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைப் பயன்படுத்துகின்றன.

அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. 1994இல் வந்த ஆடி ஏ8 போன்ற அலுமினிய உடல் கொண்ட வண்டிகளுக்கு, ஃபூக்கோ 1855இல் கண்டறிந்த சுழல் மின்னோட்ட முறை உதவுகிறது. நெகிழி பம்பர்களுக்கு மீயொலிக் கருவிகள் தேவை.

அளவீட்டின் வரம்பு

காந்த, சுழல் மின்னோட்டக் கருவிகள் காட்டுவது உலோகத்துக்கு மேலுள்ள மொத்தத் தடிமனை மட்டுமே. இரண்டு கதவுகளும் 120 மைக்ரோமீட்டர் காட்டலாம்; ஒன்றில் 50 கிளியர் கோட்டும், மற்றொன்றில் தடித்த பிரைமரின்மேல் 25 மட்டுமே கிளியர் கோட்டும் இருக்கலாம். 300ஐத் தாண்டிய அளவு பெரும்பாலும் மறுபூச்சின் அடையாளம். 1000ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்க வாய்ப்புண்டு. ஆகவே பெரிய எண் தேய்ப்பதற்கான அனுமதி ஆகாது. சில மீயொலிக் கருவிகளே அடுக்குகளைத் தனித்தனியாகக் காட்டவல்லவை.

பாதுகாப்பான நடைமுறை

- வண்டியைக் கழுவி உலர்த்தியபின், கருவியை வெற்று உலோகத் தகட்டிலும் தடிமன் தெரிந்த மென்தாளிலும் சரிபார்க்க வேண்டும்.
- ஒவ்வொரு பகுதியிலும் பல புள்ளிகளில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே கதவுக்குள் அளவு திடீரென மாறினால், காரணம் தெரியும்வரை அங்கே கைவைக்கலாகாது.
- விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு எளிதில் தேயும். கருவியும் அங்கே பிழைபடக் காட்டலாம். இவ்விடங்களை உப்புத்தாளால் தேய்க்காமல் விடுவதே நல்லது.
- மென்மையான பாலிஷில் தொடங்கி, சிறிய இடத்தில் சோதித்து, மீண்டும் அளக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் வேறுபாடே அரித்தெடுத்த பூச்சின் அளவாகும்.
- 80க்கும் குறைவாகக் காட்டும் இடத்தில் உப்புத்தாளைத் தவிர்க்க வேண்டும்.

நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை முழுதும் நீக்க முயல்வதைவிட, அதன் கூர்மையை மட்டும் மழுக்கி விட்டுவிடுவது பல நேரங்களில் பூச்சின் ஆயுளைக் காக்கும்.